கனவை முதலில் எழுதலாமா?

நள்ளிரவு 12.01-க்குத் தந்தி வரும். அன்று பகல் 12 மணி வரை யோசித்துப் பதில் சொல்லலாம். இன்டர்ன்ஷிப் இடம் கிடைக்கும் மாணவருக்கு இந்த அவகாசமாவது வேண்டும் என்று 1949-ல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் கேட்டது. அரை நாளா, ரொம்ப அதிகம் என்று மறுத்துவிட்டது மருத்துவமனைகளின் சங்கம்.

பஞ்சம் ஆஸ்பத்திரிகளுக்குத்தான். இடங்கள் பத்தாயிரத்துக்கும் மேல். படித்து வெளியே வருபவர்களோ ஏறக்குறைய ஆறாயிரம் பேர். 1940-களின் நடுவில், படிப்பு முடிய இரண்டு வருஷம் இருக்கும்போதே ஆள் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். அதைத் தடுத்ததும், "இப்பவே சொல்லு, இல்லைன்னா அடுத்தவனுக்குப் போயிடும்" என்கிற நெருக்கடி வந்தது.

1951-ல் ஒரு வழி கண்டார்கள். மாணவர் ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்த வேண்டும், ஆஸ்பத்திரி மாணவர்களை. ஒரு மையம் இரண்டையும் பொருத்தும். நம்ம ஊர் கவுன்சலிங்கில் மார்க்தான் வரிசை; அங்கே இரண்டு பக்கமும் மனசில் இருப்பதை எழுதணும். ஒத்திகை பார்த்தபோது மாணவர்கள் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். எட்டாத இடத்தை ஆசைப்பட்டு முதலில் எழுதியவர், இரண்டாவதாக எழுதிய இடத்தையும் இழக்கலாம். அதை முதலிடமாக எழுதிய இன்னொருவர் தட்டிக்கொண்டு போய்விடுவார். அதாவது உண்மையைச் சொன்னால் தண்டனை. ஹார்வர்ட் மாணவர் ஹார்டி ஹென்ட்ரனும் நண்பர்களும் போராடி முறையையே மாற்றவைத்தார்கள். ஹென்ட்ரன் பிற்பாடு குழந்தைகள் அறுவைசிகிச்சையில் பெரிய பெயர். எனக்கு அவருடைய முதல் சாதனை இதுதான் என்று தோன்றும்.

1952-ல் 'மேட்ச்' நடைமுறைக்கு வந்தது. பத்து வருஷம் கழித்து கேலும் ஷேப்லியும் இந்த மாதிரிப் பொருத்தத்தின் கணிதத்தை எழுதினார்கள். இரண்டும் அடிப்படையில் ஒன்றே என்று 1984-ல் ஆல்வின் ராத் காட்டினார். ஆனால் கணக்கு ஆஸ்பத்திரி பக்கமிருந்து தொடங்கியது. 1998 முதல் மாணவர் பக்கமிருந்து தொடங்குகிறது. 2012-ல் ராத்துக்கும் ஷேப்லிக்கும் நோபல்.

அத்தோடு கதை முடியவில்லை. இப்போது விண்ணப்பம் ஆன்லைன். கூடுதலாக அனுப்பக் காசு மட்டும் போதும். எலும்பு சிகிச்சை மாதிரித் துறைகளுக்கு ஒருவரே எழுபது, எண்பது இடங்களுக்கு அனுப்பினார்கள். யார் உண்மையாகவே வர விரும்புகிறார் என்று எந்த ஆஸ்பத்திரிக்கும் தெரியவில்லை. சலித்தெடுக்க உதவிய 'ஸ்டெப் 1' தேர்வின் மதிப்பெண்ணும் 2022 ஜனவரியில் போய், பாஸ்–ஃபெயில் மட்டும் மிஞ்சியது.

அதற்கு மருந்தாக வந்ததுதான் 'சிக்னல்': விருப்பமான சில இடங்களுக்கு மட்டும் "உங்களிடம் வர ஆசை" என்று சொல்லும் வாய்ப்பு. காது-மூக்கு-தொண்டைத் துறை 2020-ல் ஐந்தில் தொடங்கியது. எலும்பு சிகிச்சைத் துறை 2022-ல் முப்பது கொடுத்தது. சிக்னல் வராத இடத்திலிருந்து நேர்காணல் அழைப்பு அபூர்வமாகிவிட, முப்பதே கிட்டத்தட்ட உச்சவரம்பாகிவிட்டது.

கடைசிப் பட்டியலில் இன்றும் யாரும் பொய் எழுதத் தேவையில்லை. ஆனால் நேர்காணல் நடந்த இடத்தைத்தானே அதில் எழுத முடியும்? கையில் ஐந்து சிக்னல். ஒன்றைக் கனவு ஆஸ்பத்திரிக்கு வீணாக்குவதா, கிடைக்கக்கூடிய இடத்துக்கே கொடுப்பதா என்று ஒரு மாணவர் செப்டம்பரில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். 1951-ல் ஹென்ட்ரன் போட மாட்டேன் என்று சொன்ன அதே கணக்கு.