சத்தியமும் மானமும்: பினாங்குச் சகோதரச் சங்கங்களின் அறநெறி, 1844–1890

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பினாங்கில் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற இரு சீனச் சங்கங்களின் பெயர்களை முதற்கண் நோக்குவோம். ஒன்று கீ ஹின். 'நேர்மை தழைக்க' என்பது அதன் பொருள். மற்றொன்று 1844இல் தோன்றிய கியான் தெக் தோங்; மக்கள் வழக்கில் தோ பெ கோங் சங்கம். 'அறம் நிறுவும் மன்றம்' என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். காலனித்துவ அரசின் சட்டமோ இத்தகைய சங்கங்களை 'ஆபத்தானவை' என வகைப்படுத்தியது. நாமும் 'இரகசியக் கும்பல்' என்னும் ஒரே சொல்லுக்குள் இவற்றை அடக்கிவிடுகிறோம். தம்மை அறத்தின் பெயரால் அழைத்துக்கொண்டோர் அவ்வறத்தை எவ்வாறு பொருள்கொண்டனர், எந்த அளவுக்கு அதன்படி ஒழுகினர் என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா.

ஹொக்கியன் மொழியில் 'கீ' என்றும் மாண்டரினில் 'யீ' என்றும் ஒலிக்கும் சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் இல்லை. நேர்மை, கடப்பாடு, மானம் ஆகிய மூன்றின் சாயலும் அதில் உண்டு. நம் மாணவர்க்கு இதனை விளக்கும்போது கர்ணனின் செஞ்சோற்றுக்கடன் உடனே நினைவுக்கு வரும். ஆயினும் அவ்வொப்புமை பாதி வழி வரைதான் செல்லும். செஞ்சோற்றுக்கடன் உண்டவன் ஊட்டியவனுக்குப் பட்ட கடன். மேலும் கீழுமான உறவில் பிறப்பது. 'யீ' என்பதோ, சங்க வழக்கில், குருதித் தொடர்பற்ற சமநிலையினர் சத்தியம் செய்து தாமே வலிந்து ஏற்றுக்கொள்ளும் உறவு. அதன் இலக்கிய உருவம் 'மூன்று அரசுகளின் கதை' என்னும் புதினத்தில் லியூ பெய், குவான் யூ, சாங் ஃபெய் மூவரும் பீச் மரத்தோட்டத்தில் செய்துகொண்ட சத்தியமாகும். பழைய வரலாற்று நூலில் இச்சத்தியக் காட்சி இல்லை. மூவரும் உடன்பிறந்தார்போல் இருந்தனர் என்ற செய்தி மட்டுமே உள்ளது. எஞ்சியதைக் கதைமரபு கட்டியது. அக்கதையை ஏற்றுக்கொண்டோர், குவான் யூவைத் தெய்வமாகவே வழிபட்டனர்.

கீ ஹின்னின் மூலமான வானக மண்ணகச் சங்கம் மிங் பேரரசை மீட்கப் புறப்பட்ட துறவியர் நிறுவியது என்பது அச்சங்கத்தாரின் தொன்மம். டயன் மர்ரேயும் சின் பாவ்சியும் 1994இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு சித்திரத்தைத் தருகிறது. ஃபூஜியன் மாநிலத்தின் சாங்பூ வட்டாரத்தில் 1761 அல்லது 1762இல், பிழைப்புத் தேடி ஊர் ஊராய் அலைந்த எளியோர் ஒருவர்க்கொருவர் உதவிக்கொள்ள அமைத்த சங்கமே அது என்பர் இவ்வாய்வாளர்கள். 1787இல் தைவானில் லின் சுவாங்வென் கிளர்ச்சி வெடித்த பின்னரே சிங் அரசு அதனைப் பெரும் பகையாகக் கருதத் தொடங்கியது. இவ்விளக்கமே மலாயாச் சூழலுக்குப் பொருந்துவதாக நாம் கருதுகிறோம். குலக்கோயிலும் உறவினரும் கடலுக்கு அப்பால் நின்றுவிட, துறைமுகத்தில் தனியே இறங்கிய கூலியாளுக்கு நோயில் கஞ்சி ஊற்றவும் இறந்தால் அடக்கம் செய்யவும் ஒருவர் வேண்டுமல்லவா?

புகுவோர் செய்த முப்பத்தாறு சத்தியங்களைக் குஸ்டாவ் ஸ்லெகல் 1866இல் பத்தாவியாவில் வெளியிட்ட நூல் விரிவாகப் பதிவு செய்துள்ளது. சகோதரனின் பெற்றோரைத் தன் பெற்றோராகக் கருதுதல், அவன் மனைவியிடம் தகாது நடவாமை, சூதாட்டத்தில் அவனை ஏமாற்றாமை, வழிச்செலவுக்கும் ஈமச்சடங்குக்கும் கைகொடுத்தல் முதலியன அவற்றுள் அடங்கும். இவற்றைப் படிப்போர் இதில் குற்றம் யாதென வியக்கலாம். அதே பட்டியலில்தான் சகோதரனை அதிகாரிகளிடம் காட்டிக்கொடாமையும் சங்க மறைகளை வெளியிடாமையும் இடம்பெறுகின்றன. மீறினோர்க்குப் பிரம்படியும் மரணமும் தண்டனைகளாயின. மானத்தின் இவ்விரு முகங்களையும் சங்கத்தார் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பசித்தவனுக்குச் சோறிட்ட கையும் சாட்சியின் வாயைப் பொத்திய கையும் ஒரே சத்தியத்தால் இயங்கின.

அச்சத்தியம் விரும்பி ஏற்கப்பட்டதா என்பது தனி வினா. இதற்குச் சான்றளிப்பவர் நமக்கு நெருக்கமான ஒருவர். தந்தைவழிக் கொள்ளுப்பாட்டியார் நாகூர்த் தமிழ்ப்பெண். தாமும் தமிழ் கற்றவர். அவர்தாம் முன்ஷி அப்துல்லா. 1849இல் வெளிவந்த தம் வரலாற்றில், சிங்கப்பூர்க் காட்டுக்குள் இருந்த சங்க இருப்பிடத்திற்கு மறைவாகச் சென்று ஒரு துளை வழியே புகுமுகச் சடங்கைக் கண்டதாக எழுதுகிறார். மது, அதில் கலந்த குருதி, மறுத்தோர்க்கு விழுந்த அடி அனைத்தும் அப்பதிவில் உள்ளன. அப்துல்லா மிகைப்படுத்துபவர் என்று சிலர் ஒதுக்குவதுண்டு. அவ்வளவு எளிதில் அதனை ஒதுக்க நாம் தயங்குகிறோம். வற்புறுத்திப் பெற்ற சத்தியத்திற்கும் மானம் உண்டா என்ற கேள்வியைச் சங்க ஏடுகள் எழுப்புவதில்லை. வெளியே நின்று துளைவழி பார்த்தவரின் எழுத்துதான் எழுப்புகிறது.

இங்கு ஒரு விந்தையையும் குறிப்பிட வேண்டும். புகுமுகச் சடங்கில் சேவலின் தலை வெட்டப்படும். சத்தியம் தவறியவனுக்கும் அக்கதியே என்பது குறிப்பு. சீனச் சாட்சிகளுக்கு விவிலியச் சத்தியம் பொருந்தாமையால் நீரிணைக் குடியேற்றங்களின் நீதிமன்றங்களும் சேவல் தலை வெட்டிச் சத்தியம் செய்யும் முறையைக் கையாண்டன. ஒரே சேவல், எதிரெதிரான இரு கடமைகள். சகோதரனை மறைக்க ஒரு சத்தியம். அவனைப் பற்றி உண்மை கூற மற்றொன்று. எதனைக் காத்தாலும் மற்றதில் பொய்யனாக வேண்டிய நிலை.

இந்நெருக்கடி சீனரோடு நின்றுவிடவில்லை. பினாங்கின் மலாய்க்காரர், ஜாவிப் பெக்கான்கள், தமிழ் முஸ்லிம்கள் ஆகியோரிடையே வெள்ளைக்கொடி, செங்கொடி என இரு சங்கங்கள் இருந்தன. முஹர்ரம் ஊர்வலங்களோடும் குடியிருப்புப் பகுதிகளின் போட்டியோடும் பிணைந்து வளர்ந்தவை இவை. வெள்ளைக்கொடி கீ ஹின்னோடும், செங்கொடி தோ பெ கோங்கோடும் கூட்டுச் சேர்ந்தன. செங்கொடியின் தலைவராக அறியப்படுபவர் ஆர்மீனியன் தெருவில் வாழ்ந்த வணிகர் சையத் முகம்மது அலத்தாஸ். 1867 ஏப்ரல் 1இல் நீரிணைக் குடியேற்றங்கள் முடியாட்சியின் நேரடி ஆட்சிக்கு மாறின. நான்கு மாதங்கள் கழிந்து, ஆகஸ்டில், ஜார்ஜ் டவுனில் ஏறத்தாழப் பத்து நாள் கலவரம் நிகழ்ந்தது. சீனரும் முஸ்லிம்களும் ஒருபுறமாக, சீனரும் முஸ்லிம்களும் மறுபுறமாகப் போரிட்டனர். இதனை இனக்கலவரம் என்று எழுதுவோர் இந்த அணிவகுப்பைக் கவனிப்பதில்லை. சமயத்தால் ஒன்றான தமிழ் முஸ்லிம் ஒருவன் தன் சமயத்தானை எதிர்த்து, மொழியும் வழிபாடும் வேறான ஒரு சீனனின் பக்கம் நின்றான். எது அவனை நிறுத்தியது? அச்சமும் ஆதாயமும் ஓரளவு காரணமாகலாம். கொடுத்த வாக்கைக் கைவிட்டவன் தன் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க இயலாது என்பதும் காரணமே.

கலவரத்திற்குப் பின் அமைந்த விசாரணைக் குழுவின் அறிக்கை இவ்வாய்வுக்கு இன்றியமையாத மூலமாகும். தோ பெ கோங் தலைவர் கூ தியான் தெக்கிற்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் சிறைத் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. ஆயர் ஈத்தாம் பகுதியில் இன்று அவர் பெயரால் ஒரு சாலை உள்ளது. 1869இல் சங்கங்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. அது வன்முறையை நிறுத்திவிடவில்லை. லாருட் ஈயவயல்களில் கீ ஹின்னும் ஹய் சானும் 1861 முதல் விட்டுவிட்டு நடத்திய போர் 1874 வரை நீண்டது. அவ்வாண்டு ஜனவரி 20இல் பங்கோரில் இருதரப்புச் சீனத் தலைவர்களும் தனியே ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். அமைதியைக் குலைத்தால் 50,000 டாலர் தண்டம். வானத்தையும் மண்ணையும் சாட்சி வைத்தோரை ஆங்கிலேயர் பிணைப்பத்திரத்தால் கட்டினர். நம் பார்வையில் அங்கு மாறியது அரசு மட்டுமன்று. மானத்திற்கு விலை குறிக்கப்பட்டது.

1877இல் சீனர் பாதுகாவலராகப் பொறுப்பேற்ற வில்லியம் பிக்கரிங் சீனக் கிளைமொழிகள் அறிந்தவர். புகுமுகச் சடங்கை நேரில் கண்டு எழுதியவர். சங்கங்களை ஒழிப்பதைவிடப் பதிவுசெய்து அவற்றின் வழியே மக்களை ஆள்வது தகும் என்பது அவர் தொடக்க நிலைப்பாடு. 1887 ஜூலையில் அவர் தம் அலுவலகத்திலேயே கோடரியால் தாக்கப்பட்டார். 1889இல் இயற்றப்பட்ட சங்கங்கள் சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது, பெருஞ்சங்கங்கள் கலைந்தன.

கலைந்தவை மறைந்துவிடவில்லை என்பதைத் தமிழாசிரியர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. 2013இல் மலேசிய உள்துறை அமைச்சு வெளியிட்ட 49 சட்டவிரோதக் குழுக்களின் பட்டியலில் 04, 08, 36 என்னும் எண்பெயர்கள் இருந்தன. உறுப்பினருள் பெரும்பான்மையினர் இந்தியர் என்றும் அமைச்சு கூறியது. 36 என்னும் எண் அம்முப்பத்தாறு சத்தியங்களை நினைவூட்டினும் நேர்வழித் தொடர்பை நிறுவுவது தனியாய்வுக்குரியது. தோட்டத்திலிருந்து நகர்ப்புறத்துக்குப் பெயர்ந்த இளைஞன் 'அண்ணன்' என்று எவரை அழைக்கிறான், ஏன் அழைக்கிறான் என்று ஆராய்வோர்க்கு, துறைமுகத்தில் தனியே இறங்கிய கூலியாளின் வரலாறு அயலானது அன்று.

தோ பெ கோங் இயங்கிய ஆர்மீனியன் தெருக் கட்டடத்தைப் பின்னர் போ ஹொக் சியா என்னும் வழிபாட்டு அமைப்பு ஏற்றது; அங்குள்ள கோயிலில் இன்றும் பூசை நடைபெறுகிறது. கீ ஹின்னாரின் எச்சத்தைக் காண விரும்புவோர் பிந்தால் தாலிச் சாலையிலுள்ள மெங் எங் சூ கோயிலுக்குச் செல்ல வேண்டும். ஊதுபத்திப் புகை படிந்த அங்குள்ள நினைவுப் பலகைகள் மாண்ட உறுப்பினர்க்குரியவை. சங்கம் சட்டப்படி கலைந்த பின்னும், இறந்த சகோதரனுக்குச் செய்வதாக ஏற்ற கடனை அவர்கள் விட்டுவிடவில்லை.