குருணையா, கம்பெனி தீவனமா? - கோழிக்குஞ்சு சாப்பாட்டின் நூறு வருடக் கதை



நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு வாக்குவாதம் கட்டாயம் வரும். "குஞ்சுக்கு இயற்கைத் தீவனம்தான் நல்லது, கம்பெனி தீவனம் எல்லாம் கெமிக்கல்" என்பார் ஒருவர். "வெறும் குருணையைப் போட்டா குஞ்சு தேறாது, ஸ்டார்ட்டர் போடுங்க" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. எந்தப் பாதி என்று தெரிய கொஞ்சம் வரலாற்றைப் புரட்ட வேண்டும்.

(பி.காம் படிக்கிறவனுக்கு கோழியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கோழிப்பண்ணையின் மொத்தச் செலவில் சுமார் 60 முதல் 70 சதவீதம் தீவனச் செலவுதான். காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது :-))

தாய்க்கோழி போட்ட சாப்பாடு

இயற்கைத் தீவனம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது குருணையும் கம்பும். ஆனால் முற்றத்தில் வளர்ந்த குஞ்சுக்கு அது ஒரு பகுதிதான். தாய்க்கோழி குப்பைமேட்டைக் கிளறிக் காட்டும். புழு, பூச்சி, புல் நுனி, கீரை, பொடிக்கல் எல்லாம் அங்கே கிடைக்கும். வெயிலும் கிடைக்கும். நம் கிராமங்களில் பழைய பானைக்குள் காய்ந்த சாணம், கிழிந்த கோணிச்சாக்கு எல்லாம் போட்டு, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கவிழ்த்து வைப்பார்கள். விடிந்து எடுத்தால் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுக்குப் புரதம் அதிலிருந்துதான் வந்தது.

அதாவது நாம் கையால் போட்ட தானியம் மட்டும்தான் நம் கணக்கில் இருந்தது. முற்றம் இலவசமாகக் கொடுத்ததை யாரும் கணக்கில் எழுதவில்லை. குஞ்சை முற்றத்திலிருந்து பிரித்த பிறகுதான் அந்த இலவசங்கள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன.

ஜாவாவின் கோழிகள்

முதல் பாடம் ஜாவாவில் கிடைத்தது. அப்போது அது டச்சுக்காரர்களின் காலனி. பெரிபெரி நோயால் சிப்பாய்களும் கைதிகளும் செத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் ஏதோ கிருமி என்று நினைத்து பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) ஆராய்ந்துகொண்டிருந்தார் கிறிஸ்தியான் எய்க்மான் என்ற மருத்துவர். 1889-ல் அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகளே கால் தள்ளாடி விழ ஆரம்பித்தன. சில மாதங்களில் தானாகவே தேறின.

விசாரித்ததில், ராணுவ மருத்துவமனை சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு அந்த மாதங்களில் கோழிகளுக்குப் போடப்பட்டது தெரிந்தது. புதிதாக வந்த சமையல்காரர் அதைத் தர மறுத்தார். மறுபடி தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டில் இருக்கும் ஏதோ ஒன்று இல்லாமல் போனதுதான் காரணம் என்று 1901-ல் தெளிவாகச் சொன்னவர் அவருக்குப் பின் வந்த ஹெரிட் கிரைன்ஸ். 1912-ல் கசிமிர் ஃபங்க் இந்த மாதிரிப் பொருள்களுக்கு 'வைட்டமின்' என்று பெயர் வைத்தார். 1929-ல் எய்க்மானுக்கு நோபல் பரிசு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கோழிகள் தின்றது கெமிக்கல் இல்லை, சுத்தமான அரிசிச் சோறு!

ஷெட்டுக்குள் போன குஞ்சு

அடுத்த கட்டம் அமெரிக்கா. டெலவேர் மாநிலத்தின் ஓஷன் வியூ என்ற ஊரில் 1923-ல் சிசில் ஸ்டீல் என்ற பெண்மணி 50 குஞ்சுக்கு ஆர்டர் கொடுத்தார். தவறுதலாக 500 குஞ்சுகள் வந்து இறங்கின. அவர் திருப்பி அனுப்பாமல் ஷெட் போட்டு இறைச்சிக்காக வளர்த்தார். பிழைத்த 387 கோழிகளை பவுண்டுக்கு 62 சென்ட் வீதம் விற்று நல்ல லாபம் பார்த்தார். பிராய்லர் தொழிலின் தொடக்கமாக இதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் அடைத்து வளர்த்த குஞ்சுகளுக்குக் கால்கள் வளைந்து ஒரு நோய் வந்தது. 1920-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களில் ஆராய்ந்து காரணம் கண்டார்கள்: வெயில் இல்லை, அதனால் வைட்டமின் டி இல்லை. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் போதாது, தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். தீவனத்தில் காட் மீன் ஈரல் எண்ணெய் கலந்ததும் குஞ்சுகள் நிமிர்ந்து நின்றன. வருடம் முழுக்க, குளிர்காலத்திலும் ஷெட்டில் குஞ்சு வளர்க்க முடிந்தது இதற்குப் பிறகுதான். வெயிலை மூட்டையில் கட்டி விற்க ஆரம்பித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பிறகு வரிசையாக வந்தது. 1929-ல் கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் கொழுப்பு நீக்கிய தீவனம் போட்டபோது குஞ்சுகளுக்குத் தோலுக்கடியில் ரத்தம் கசிந்தது. அதிலிருந்து கிடைத்ததுதான் வைட்டமின் கே. 1940-களில் தாவரப் புரதம் மட்டும் தின்ற குஞ்சுகள் சரியாக வளரவில்லை. மீன்தூள் சேர்த்தால் வளர்ந்தன. வேடிக்கை என்னவென்றால், மாட்டுச் சாணத்தைச் சேர்த்தாலும் வளர்ந்தன! 1948-ல் பிரித்தெடுக்கப்பட்ட வைட்டமின் பி12-தான் அந்த ரகசியம். குப்பைமேட்டில் தாய்க்கோழி எதற்குக் கிளறியது என்று இப்போது புரிகிறதா?

மூட்டையில் ஏறிய வேண்டாத சரக்கு

இதுவரை கம்பெனி தீவனத்துக்கு ஆதரவாகப் பேசியது போல இருக்கும். மறுபக்கமும் இருக்கிறது.

பி12-க்கு மலிவான மூலம் தேடி, லெடர்லி நிறுவனத்தில் ஸ்டாக்ஸ்டட், ஜூக்ஸ் என்ற இருவர் ஆரியோமைசின் மருந்து தயாரிப்பின் கழிவைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தன. 1950-ல் வெளியான முடிவு: காரணம் பி12 மட்டும் இல்லை, அதில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக். அதன் பிறகு நோயே இல்லாத கோழிக்கும், எடைக்காக மட்டும், தினமும் கொஞ்சம் மருந்து என்பது உலக வழக்கமாகிவிட்டது.

விலை பிறகு தெரிந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியம் எடைக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை 2006-ல் முழுமையாக நிறுத்தியது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான மருந்துகளை இப்படிக் கொடுப்பதை அமெரிக்கா 2017-ல் நிறுத்தியது. இந்தியா 2019-ல் கோழி உள்ளிட்ட உணவுக்கான கால்நடைகளுக்கு கோலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது. "கம்பெனி தீவனம் எல்லாம் கெமிக்கல்" என்ற பயத்துக்கு இப்படி ஒரு நியாயமான வரலாறு இருக்கிறது. ஆனால் பயப்பட வேண்டியது மூட்டையில் இருக்கும் வைட்டமினுக்கு இல்லை.

தீவனமா, இனமா?

ஒரு கணக்கு. 1957-ம் ஆண்டு இனக் கோழி, 2001-ம் ஆண்டு பிராய்லர் இரண்டையும் அந்தந்த வருடத் தீவனத்திலும், மாற்றிப் போட்டும் வளர்த்துப் பார்த்தார்கள் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர். 2003-ல் வெளியான முடிவு, 42-ம் நாள் எடை:

பழைய இனம், பழைய தீவனம்: 539 கிராம்
பழைய இனம், புதிய தீவனம்: 578 கிராம்
புதிய இனம், பழைய தீவனம்: 2,126 கிராம்
புதிய இனம், புதிய தீவனம்: 2,672 கிராம்

1957 தீவனமும் கம்பெனி வகைதான், முற்றத்துத் தீனி இல்லை. இருந்தாலும் பாடம் தெளிவு. வேகமாக வளர வைக்காத இனத்துக்கு எவ்வளவு நவீனத் தீவனம் போட்டாலும் கூடுதலாகக் கிடைப்பது 39 கிராம்தான். நாட்டுக்கோழிக்கு மாதக்கணக்கில் விலை உயர்ந்த பிராய்லர் தீவனத்தைக் கொட்டுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அப்போ என்னதான் போடுவது?

இன்று நிறைய பேர் இங்குபேட்டரில் பொரித்த நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கி, வலைக்குள் அடைத்து, "நான் இயற்கை முறை" என்று சொல்லி வெறும் குருணை போடுகிறார்கள். தாய்க்கோழி இல்லை, குப்பைமேடு இல்லை, கரையான் இல்லை, பல இடங்களில் வெயிலும் இல்லை. குஞ்சுகள் கால் மடங்கி, சிறகு தொங்கி ஒவ்வொன்றாகச் சாகின்றன. கடன் வாங்கி ஆரம்பித்தவருக்கு அதோடு முதல் போச்சு. அங்கே நடப்பது நம் தாத்தா பாட்டி காலத்து முறை இல்லை, எய்க்மானின் ஆய்வுக்கூடம்!

என் கருத்து இதுதான். குஞ்சு அடைபட்டிருக்கும் முதல் சில வாரங்களுக்கு ஆன்டிபயாடிக் இல்லாத ஸ்டார்ட்டர் தீவனம் நல்லது. வெளியே விட இடம் இருந்தால் பிறகு மெதுவாகத் தானியம், கரையான், கீரை, மேய்ச்சலுக்கு மாற்றலாம். செலவும் குறையும். வெளியே விடவே இடம் இல்லை என்றால், முற்றம் கொடுத்த ஒவ்வொன்றையும் நாம்தான் கொடுத்தாக வேண்டும், அதற்குக் காசும் ஆகும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு குஞ்சு வாங்குங்கள்.

உங்கள் ஊரில் குஞ்சு பொரித்த முதல் வாரம் என்ன போடுவார்கள்? வீட்டில் பெரியவர்களைக் கேட்டுச் சொல்லுங்கள். தெரிந்துகொள்ள ஆசை.

மீண்டும் சந்திப்போம்.