புல்லட் ஏன் எண்ணெய் ஒழுக்குகிறது?

வேலூரிலிருந்து போளூர் செல்லும் வழியில், ஜவ்வாது மலையடிவாரத்தில் சந்தவாசல் இருக்கிறது. அங்கே ஒரு தேநீர்க் கடை வாசலில் பழைய புல்லட் நின்றுவிட்டுப் போன இடத்தை நீங்கள் எளிதில் கண்டுகொள்ளலாம். தரையில் ஒரு ரூபாய் நாணய அளவில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும். "புல்லட் என்றால் ஒழுகத்தான் செய்யும்" என்று உடையவர் சற்றுப் பெருமையோடுகூடச் சொல்லுவார். இங்கிலாந்திலும் ராயல் என்ஃபீல்டை 'ராயல் ஆயில்ஃபீல்டு', அதாவது அரச எண்ணெய் வயல், என்று கேலி செய்ததுண்டு. கேலி இருக்கட்டும். அந்த எண்ணெய் பின்சக்கரத்தில் படிந்திருக்க, ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு வளைந்து வளைந்து இறங்கும் மலைச்சாலையில் அவ்வண்டி வருவதாக எண்ணிப் பாருங்கள்!

ரெடிச் என்னும் ஆங்கிலேய ஊரில் பிறந்த புல்லட், நம் இராணுவத்துக்காக 1950-களின் தொடக்கத்தில் இங்கு வந்தது. 1955-ல் மதராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு திருவொற்றியூரில் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோயிற்று. சென்னையிலோ அந்தப் பழைய அமைப்பே தொடர்ந்தது. 1977 முதல் தாய்வீட்டுக்கே சீர் கொண்டுபோகும் மகளைப்போல, சென்னை புல்லட் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயிற்று.

அந்த எஞ்சினில் வார்ப்பிரும்பு சிலிண்டருக்கு மேலும் கீழும் அலுமினியப் பாகங்கள் இருந்தன. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள அலுமினியத் துண்டு 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.23 மி.மீ. நீளும். அதே நீள வார்ப்பிரும்பு 0.11 மி.மீ. அளவே நீளும். வேறுபாடு ஒரு தலைமுடியின் கனத்துக்கும் மேல். வண்டி ஓடி நிற்கும்போதெல்லாம் இவ்விரண்டும் ஒன்றின்மீது ஒன்று நகர முயல்கின்றன. இடையே நெரிபடுவது, நம் மெக்கானிக்குகள் 'பேக்கிங்' என்று சொல்லும் மெல்லிய அட்டை.

அசையாத இணைப்புக்கு அட்டை போதும். சுழலும் தண்டுக்கு ஆயில் சீல் வேண்டும். முற்காலத்தில் கம்பளியையும் தோலையும் வைத்தே சமாளித்தார்கள். ஜெர்மனியில் ஃபிராய்டன்பர்க் என்ற தோல் பதனிடும் நிறுவனம் 1929-ல் மோட்டார்களுக்கான தோல் சீல்களைச் செய்யத் தொடங்கியது. ஆம்பூர், வாணியம்பாடித் தோலைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பளிக்காது. ஆனால் தோல் சூட்டில் விறைத்துவிடும். 1936-ல் அந்நிறுவனம் தோலின் இடத்தில் செயற்கை ரப்பரைப் புகுத்தியது. ரப்பர் உதட்டைச் சுற்றி ஒரு சிறு ஸ்பிரிங், அதைத் தண்டோடு இதமாக அணைத்துப் பிடிக்கும். இன்றைய சீலும் அடிப்படையில் இதுதான். ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கியிருக்க வேண்டும். தலைகீழாகப் பொருத்தினால் புதுச் சீலும் ஒழுகும்.

அட்டையும் சீலும் புதிதாக இருந்தும் ஒழுகுகிறதே, ஏன்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 90 மி.மீ. பெருக்கிப் பார்த்தால், பிஸ்டன் ஒருமுறை கீழிறங்கும்போது அடியிலுள்ள அறையில் 346 கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் வினாடிக்கு 50 முறை! அக்காற்று வெளியேறத்தான் பிரீதர் குழாய் இருக்கிறது. அதில் வாத்தின் அலகுபோன்ற ரப்பர் வால்வு ஒன்று உண்டு. காற்றை வெளியே விடும். உள்ளே வர விடாது. அதனால் அறையின் அழுத்தம் வெளியழுத்தத்தைவிடச் சற்றுக் குறைந்தே நிற்கும். எண்ணெயும் உள்ளேயே அடங்கியிருக்கும். குழாய் அடைத்துக்கொண்டாலோ, அலகு விறைத்துப்போனாலோ, தேய்ந்த பிஸ்டன் வளையங்கள் வழியே எரிவாயு கீழே கசிந்தாலோ அழுத்தம் ஏறுகிறது. எண்ணெய் எங்கே பலவீனமோ அங்கே வழி தேடுகிறது. நாமோ அட்டையைப் பழிக்கிறோம்.

அட்டையைப் பழித்தவர்களில் நானும் ஒருவன். பழைய புல்லட்டின் இடப்புறத்திலுள்ள பிரைமரிச் சங்கிலி மூடியை நடுவிலுள்ள ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கும். ஓரம் முழுவதும் ஒரு ரப்பர் வளையம். ஒழுகுகிறதே என்று அந்த நட்டை என் பலங்கொண்ட மட்டும் இறுக்கினேன். மூடியின் நடு அழுந்தி, ஓரம் நெளிந்தது. முன்பு சொட்டியது, பிறகு வழிந்தது! இயற்பியல் கற்பிப்பவன் அழுத்தப் பங்கீட்டை மறந்த கதை இது.

சந்தவாசல் பக்கத்து மெக்கானிக் ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். முதலில் பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். பிறகு எஞ்சினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, முகப்பவுடரைத் தூவி, சிறிது நேரம் ஓட விட்டார். வெள்ளைப் பொடியில் எங்கே முதலில் ஈரக்கோடு தோன்றியதோ, அதுதான் கசியும் இடம். கண்ணாடிப் பலகைமேல் எமரித் தாளை விரித்து, நெளிந்த விளிம்பை எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்கினார். அந்த நட்டை அளவோடுதான் இறுக்கினார்.

2008-க்குப் பின் எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்த புது எஞ்சின் வந்தது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சினும் அந்த ஒற்றை நட்டு மூடியும் உற்பத்தியிலிருந்து விடைபெற்றன. ஆனால் பழைய வண்டிகள் இன்னும் நம் சாலைகளில் ஓடுகின்றன. உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால், ஸ்பேனரை எடுக்குமுன் அந்த ரப்பர் அலகைத் தொட்டுப் பாருங்கள், மெத்தென்று இருக்கிறதா?