வரிசையில் நின்ற குறும்புக்காரி

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பழகியவன் நான். அதனாலேயே ‘மாட்லின்’ என்னும் படக்கதை என் நெஞ்சை இன்றும் உறுத்துகிறது.

அதனை எழுதி ஓவியமும் தீட்டியவர் லுட்விக் பெமல்மன்ஸ். 1898-இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்து, 1914-இல் அமெரிக்காவில் குடியேறியவர். 1938-இல் பிரான்சின் யூ தீவில் மிதிவண்டி விபத்துக்குள்ளாகி மருத்துவமனையில் கிடந்தபோது, குடல்வால் அறுவை செய்துகொண்ட சிறுமி ஒருத்தியைக் கண்டார். தம் தாயார் கன்னிமாடப் பள்ளியில் வரிசைக் கட்டில்களில் உறங்கிய கதையும் அவர் நினைவில் இருந்தது. மனைவியின் பெயரைச் சற்றே மாற்றிச் சூட்டினார். இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939-இல் நூல் வெளிவந்தது.

பாரிஸ் நகரில் பன்னிரு சிறுமியர். நடப்பதும் உறங்குவதும் இரு வரிசையில். அவருள் மிகச் சிறியவள் மாட்லின். எலிக்கு அஞ்சாள், புலியையும் பொருட்படுத்தாள், பாலத்தின் கைப்பிடிச் சுவர்மீது நடந்து கிளாவெல் அம்மையாரை நடுங்கச் செய்வாள். அறுவைத் தழும்பையும் தோழியர்க்குப் பெருமையோடு காட்டுகிறாள். அன்றிரவே அவர்களும் தமக்குக் குடல்வாலை எடுக்குமாறு அழுகின்றனர்!

இத்தொடரின் இரண்டாம் நூல் 1954-இல் கால்டெகாட் பதக்கம் பெற்றது. தலைமுறைகள் கடந்தும் பிள்ளைகள் அவளை நேசிப்பது ஏன்? வரிசையில் நின்றும் அஞ்சாதிருக்கலாம் என்று அவள் காட்டுவதால்தான்.

என் வரிசைகளிலும் மாட்லின்கள் நின்றிருப்பார்கள். “கையைக் கட்டு” என்று நான் அதட்டியபோது அடங்கியது குறும்பா, துணிவா? இன்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.