காய்ச்சல் வந்தவர் மேலேயே பழி: நீலகிரி சொல்லும் மலேரியா வரலாறு

'நடத்தை மாற்றத் தொடர்பு' என்று ஒரு வேலை இருக்கிறது. தேசிய மலேரியா திட்டங்களில் இதற்கென்றே வல்லுநர்களை அமர்த்துகிறார்கள். மக்கள் ஏன் கொசுவலைக்குள் படுப்பதில்லை, காய்ச்சல் வந்ததும் ஏன் ரத்தப் பரிசோதனைக்கு வருவதில்லை, 14 நாள் மாத்திரையை ஏன் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள் என்று ஆராய்வதும், அந்தப் பழக்கங்களை மாற்ற வழி சொல்வதும் இவர்கள் பொறுப்பு.

இந்த வேலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. களத்தில் நாம் செய்வதில் பாதி இதுதான். ஆனால் இந்தத் துறையின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. மாற வேண்டியது யாருடைய நடத்தை? இந்தக் கேள்விக்கு நம் நீலகிரி மலையிலேயே 160 ஆண்டு வரலாறு கிடக்கிறது.

பிக்கட்டியிலும் மஞ்சூரிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலேரியா அவ்வளவு பழக்கமில்லை. காரணம் குளிர். கொசுவின் உடலுக்குள் மலேரியா கிருமி வளர, வகையைப் பொறுத்து 16 முதல் 18 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். மேல்மலையில் அது நீடிப்பதில்லை. வெள்ளைக்காரர்கள் ஊட்டியைத் தேடி ஏறி வந்ததற்கு இந்தக் காய்ச்சலற்ற காற்றும் ஒரு காரணம். ஆனால் மலைச்சரிவில் இறங்க இறங்க, சிகூரிலும் கூடலூரிலும் வயநாட்டிலும், ஆளைத் தின்னும் 'மலைக்காய்ச்சல்' இருந்தது. மேலே துரைமார், கீழே காய்ச்சல். அந்தக் காய்ச்சலுக்குள் வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள் நம் முன்னோர்.

மருந்து விளைந்த மலை

மலேரியாவுக்கு அன்று இருந்த ஒரே உருப்படியான மருந்து கொய்னா. அது சின்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைத்தது. அந்த மரம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையைச் சேர்ந்தது. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் அங்கிருந்து செடிகளையும் விதைகளையும் இந்தியாவுக்குக் கொண்டுவரும் வேலையை நடத்தினார். ஊட்டி அரசுத் தோட்டத்தின் கண்காணிப்பாளர் மெக்ஐவர் அவற்றைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தெடுத்தார். பாடப்புத்தகம் இந்த இரண்டு பெயர்களோடு நின்றுவிடும்.

குழி வெட்டியவர்கள், பட்டை உரித்தவர்கள் யார்? கூலிக்கு ஆள் போதாமல், மலாய்க் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளைக்கூட இந்தத் தோட்டங்களில் வேலை வாங்கினார்கள். விடுதலையான பிறகு அவர்களில் சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவில் குடியேறி, பறையர் சமூகப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். 1890களில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் இந்தக் குடும்பங்களைத் தேடிப்போய் மூக்கையும் தலையையும் அளந்து 'கலப்பினம்' என்று குறிப்பு எழுதினார். கொய்னா வரலாற்றில் நம் பெண்கள் இடம்பெற்றது இப்படித்தான், அளவுகோலுக்கு அடியில்.

ஆண்டிஸ் மலையிலும் இதே கதைதான் நடந்தது. மிக உயர்ந்த ரகச் சின்கோனா விதைகளை சார்லஸ் லெட்ஜர் என்ற வணிகருக்குத் தேடிக் கொடுத்தவர் மானுவேல் இன்க்ரா மாமானி என்ற பழங்குடி மனிதர். அதற்காக அவர் சிறைப்பட்டு, அடிபட்டு இறந்தார். மர ரகத்துக்கு லெட்ஜரின் பெயர் கிடைத்தது.

அதே காலத்தில் இதே மலையில் அயோத்திதாசர் வாழ்ந்தார். அவர் சித்த மருத்துவர். இங்கே அத்வைதானந்த சபையைத் தொடங்கினார். 1891 டிசம்பரில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை நீலகிரியில் கூட்டினார். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது, மேலிருந்து ஒருவர் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. அப்படிப் பேசுகிறவர்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சிகூரில் ராஸ்

ரொனால்ட் ராஸ் மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைத் தேடி அலைந்த ராணுவ மருத்துவர். 1895இல் செகந்திராபாத்தில், கொசுக்கள் செத்து மிதந்த தண்ணீரைக் கூலி கொடுத்துச் சிலரைக் குடிக்க வைத்துப் பார்த்தார். குடித்தவர்களில் ஒருவர் டோலி தூக்கும் இளைஞர். 1897 ஏப்ரலில் விடுப்பில் ஊட்டிக்கு வந்து, சிகூர் மலைப்பாதையில் இறங்கித் தோட்டங்களில் காய்ச்சலை ஆராய்ந்தார். அங்கே அவரையே மலேரியா பிடித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதி செகந்திராபாத்தில், உசேன் கான் என்ற நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமியைக் கண்டார். உசேன் கானுக்குக் கூலி, கொசு ஒன்றுக்கு ஓர் அணா. ராஸுக்கு 1902இல் நோபல் பரிசு.

காய்ச்சல் பற்றி அன்றைய உலகில் அதிகம் தெரிந்தவர்களில் ஒருவர் ராஸ். அவருக்கே சிகூர் போய்வந்ததில் காய்ச்சல் கண்டது. அப்படியென்றால் காய்ச்சலைத் தீர்மானித்தது அறிவா, இருந்த இடமா? அவர் ஆய்வுக்காக இறங்கினார், காய்ச்சல் கண்டதும் மேலேறிக் குணமானார். தோட்டத் தொழிலாளி அந்த இடத்திலேயே குடியிருந்தார்.

ஓடினால் சிறை

நம் முன்னோர் காய்ச்சலைத் தவிர்க்க ஒன்றுமே செய்யவில்லையா? செய்தார்கள். வயநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள் மார்ச் முதல் மே வரையிலான காய்ச்சல் மாதங்களில் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். கொசு பற்றிய அறிவியல் வருவதற்கு முன்பே அனுபவத்தில் கற்ற தற்காப்பு இது. இன்றைய வல்லுநர் மொழியில் 'சரியான நடத்தை'.

அந்த நடத்தைக்கு அரசு என்ன செய்தது? 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் தண்டனை. அது போதாதென்று தோட்ட முதலாளிகள் கேட்டுப் பெற்றது 1903ஆம் ஆண்டின் சென்னைத் தோட்டத் தொழிலாளர் சட்டம். நீலகிரியிலும் வயநாட்டிலும் ஒப்பந்தக் காலம் முடியும் முன் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. 1920களின் இறுதி வரை இந்த நிலை நீடித்தது.

இதை நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். காய்ச்சலிலிருந்து விலகி ஓடும் அறிவு தொழிலாளியிடம் இருந்தது. அந்த அறிவைக் குற்றமாக்கியது சட்டம். ஓடையோரத்தில் லைன் வீடு கட்டியது தொழிலாளி அல்ல. இந்தச் சரிவுகளில் மலேரியாவைப் பரப்பும் கொசு மெதுவாக ஓடும் தெளிந்த ஓடைகளின் ஓரத்தில்தான் முட்டையிடும். ஓர் அறையில் பத்துப் பேரை அடைத்ததும், அரை வயிற்றுக் கூலி கொடுத்ததும் தொழிலாளி அல்ல. ஆனால் காய்ச்சல் வந்தால் 'கூலிகளின் சோம்பல்', 'கூலிகளின் அசுத்தம்' என்று பேச்சு. கொய்னாவின் கசப்பைத் துப்பினால் 'அறியாமை'.

அவர்களின் அறிவியலே சொன்னது

இது நம் கோபத்தில் பிறந்த வாதம் மட்டும் அல்ல. கிறிஸ்டோபர்ஸ், பென்ட்லி என்ற இரண்டு ஆங்கிலேய மருத்துவர்கள் 1900களின் பிற்பகுதியில் வங்காளத்தின் துவார்ஸ் தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்தார்கள். அங்கே மலேரியா இவ்வளவு கொடூரமாக இருப்பதற்குக் கொசு மட்டும் காரணமல்ல, தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து வறுமையில் அடைத்து வைக்கும் முறையே காரணம் என்று எழுதினார்கள். 1911இல் கிறிஸ்டோபர்ஸ் பஞ்சாபின் 40 ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். பெரும் மழையோடு தானிய விலையும் ஏறிய ஆண்டுகளில்தான் மலேரியாச் சாவு குவிந்திருந்தது. ஒரே கொசு, ஒரே கிருமி. பசித்த உடம்பு செத்தது.

இதை ஏற்றால் கூலியை உயர்த்த வேண்டும், ஒப்பந்த முறையை ஒழிக்க வேண்டும். அதைவிட எளிது, தபால் அலுவலகத்தில் ஒரு பைசாவுக்குக் கொய்னா பொட்டலம் விற்பது. 1892இல் வங்காளத்தில் தொடங்கிய அந்த ஏற்பாடுதான் மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. வாங்கிச் சாப்பிடாதவன் மேல் பழி போடவும் அது வசதியாக இருந்தது.

மருந்தடிக்க வந்தவர்கள்

விடுதலைக்குப் பிறகு நிலைமை மாறியது. அதை மறைப்பது நேர்மையாகாது. 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அப்போது நாட்டில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்குக் காய்ச்சல், 8 லட்சம் சாவு என்று மதிப்பிட்டிருந்தார்கள். 1958இல் அது ஒழிப்புத் திட்டமானது. வீடு வீடாக டிடிடி அடித்து, சுவரில் தேதி எழுதிப் போனார்கள். 15 நாளுக்கு ஒருமுறை ஊழியர் வந்து காய்ச்சல் விசாரித்து, விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். 1965இல் நோயாளிகள் எண்ணிக்கை ஒரு லட்சமாக இறங்கியது. சாவே இல்லை என்று கணக்கு சொன்னது. யாருக்கும் பாடம் நடத்தி இது நடக்கவில்லை. அரசு தன் நடத்தையை மாற்றிக்கொண்டு வாசல் தேடி வந்ததால் நடந்தது.

பிறகு பணமும் கவனமும் குறைந்தன, கொசுவுக்கு எதிர்ப்புச் சக்தி வந்தது. 1976இல் 64 லட்சத்துக்கும் மேல் நோயாளிகள். அப்போது மீண்டும் பேச்சு மக்கள் பக்கம் திரும்பியது. மருந்தடித்த சுவரை மெழுகிவிடுகிறார்கள், சமையலறைக்குள்ளும் பூஜை அறைக்குள்ளும் விட மறுக்கிறார்கள் என்றார்கள். உண்மைதான். முதலில் டிடிடி மூட்டைப்பூச்சியையும் கொன்றதால் மக்கள் வரவேற்றார்கள். மூட்டைப்பூச்சி சாகாமல் போனதும், நாற்றமும் கறையும் மட்டும் எதற்கு என்று கதவைச் சாத்தினார்கள். அதில் கணக்கு இருந்தது, மூடத்தனம் இல்லை. யார் யார் வீட்டுக்குள் எதுவரை போகலாம் என்பதைச் சாதி தீர்மானிக்கும் ஊரில் மருந்தடிப்பவர் எந்தச் சாதி என்பதும் ஒரு கேள்விதான். அந்தக் கேள்வியைத் திட்டங்கள் எந்தப் படிவத்திலும் சேர்த்ததாக நாம் பார்த்ததில்லை.

1997இல் உலக வங்கிக் கடனில் எட்டு மாநிலங்களின் பழங்குடி மாவட்டங்களுக்கென்று திட்டம் வந்தது. அடுத்து உலகளாவிய நிதியத்தின் பணம் வந்தது. தகவல், கல்வி, தொடர்பு, நடத்தை மாற்றம் என்ற சொற்களும் அவற்றுக்கான ஆலோசகர்களும் வேரூன்றியது இந்தக் காலத்தில்தான்.

கேட்டுத் தெரிந்துகொண்ட இடங்கள்

நல்ல வல்லுநர் செய்யும் முதல் வேலை கேட்பது. வலை கட்டாத வீட்டுக்குப் போனால், வலை கட்ட ஆணி அடிக்கச் சுவர் இருக்காது. ஓர் அறையில் ஏழு பேர் படுப்பார்கள், வலை இரண்டு பேருக்கானது. மாத்திரையை நிறுத்தியவரைக் கேட்டால், காய்ச்சல் விட்ட மறுநாளே வேலைக்குப் போயிருப்பார். வைவாக்ஸ் வகைக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து மீண்டும் வரும் என்று யாரும் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒடிசா 2017இல் தொலைதூரக் கிராமங்களுக்கு முகாம்களைக் கொண்டுபோனது. காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊர் முழுவதையும் பரிசோதித்து, கையோடு மருந்து கொடுத்து, வலையும் விளக்கமும் கொடுத்தார்கள். அந்த ஆண்டு ஏறத்தாழ 3.5 லட்சமாக இருந்த நோயாளிகள் 2019இல் 40 ஆயிரத்துக்குள் வந்தார்கள். நம் கூடலூரில், மலேரியாவுக்கென்று இல்லாவிட்டாலும், 1980களின் நடுவிலிருந்து ஆதிவாசி இளைஞர்களையே சுகாதார ஊழியர்களாகவும் செவிலியர்களாகவும் பயிற்றுவித்து ஆதிவாசி மருத்துவமனை வரை வளர்த்தெடுத்திருக்கிறார்கள். சொல்கிறவர் நம்மில் ஒருவராக இருக்கும்போது பேச்சு வீட்டுக்குள் போகிறது.

இன்று யார் மேல் பழி

நாட்டில் மலேரியா பெரிதும் குறைந்திருக்கிறது. 2015இல் 11.7 லட்சமாக இருந்த நோயாளிகள் 2023இல் 2.3 லட்சம் ஆனார்கள். 2030க்குள் ஒழிப்பது இலக்கு. ஆனால் மிச்சமிருப்பது யாரிடம்? மக்கள்தொகையில் 8.6 சதவீதமே உள்ள பழங்குடி மக்களிடம் மலேரியாச் சாவில் பாதி என்று மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு 2018இல் சொன்னது.

அந்த மக்களில் சிலர் இப்போது நம் பக்கத்து லைன் வீடுகளில் இருக்கிறார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து நீலகிரியில் தேயிலை பறிக்கிறார்கள். 'வடக்கன் காய்ச்சலைக் கொண்டுவருகிறான்' என்று டீக்கடையில் பேசுவதை நாம் கேட்கிறோம். நம் ஆட்களும் பேசுகிறார்கள். 'கூலிகளின் அசுத்தம்' என்று நம் தாத்தாக்களைப் பார்த்துச் சொன்ன அதே வாக்கியம்தான் இது. முகவரி மட்டும் மாறியிருக்கிறது.

ஆகவே நாம் கேட்பது இவை. ரத்தப் பரிசோதனை தோட்டத்துக்கே வர வேண்டும், அன்றைய கூலி பிடிக்கக்கூடாது. 14 நாள் மாத்திரை பற்றி ஒடியாவிலும் இந்தியிலும் சாத்ரியிலும் சொல்ல ஆள் வேண்டும், அந்த ஆள் அவர்களில் ஒருவராக இருக்க வேண்டும். ஒரு பரிசோதனைக்கு 15 ரூபாய் ஊக்கத்தொகை வாங்கும் ஆஷா ஊழியரும், தொட்டி தொட்டியாக எட்டிப் பார்க்கும் தினக்கூலிக் கொசு ஒழிப்புப் பணியாளரும் முறையான சம்பளம் பெற வேண்டும். லைன் வீட்டின் கூரையும் வடிகாலும் சுகாதாரத் திட்டத்தின் கணக்கில் வர வேண்டும்.

நடத்தை மாறட்டும். முதலில் தோட்ட நிர்வாகத்தின் நடத்தை, பிறகு அரசின் நடத்தை. கூடவே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் நம் நடத்தையும்.

ஜெய்பீம்!