எதிர்ப் பின்னூட்டப் பெருக்கி

எதிர்ப் பின்னூட்டப் பெருக்கி என்பது தன் வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கு எதிரான கட்டத்தில் திருப்பி அளிக்கும் மின்னணுப் பெருக்கி ஆகும். உள்ளீட்டிலிருந்து அப்பகுதி கழிந்தபின் எஞ்சும் வேறுபாடு மட்டுமே பெருக்கப்படுகிறது. இதனால் பெருக்கம் குறையும். ஆயினும் அது நிலையாக இருக்கும், உருக்குலைவு குறையும், பட்டை அகலம் கூடும்.

வரலாறு

தொலைதூரத் தொலைபேசித் தடங்களில் தொடராக அமைந்த வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகள் ஒவ்வொன்றும் உருக்குலைவைச் சேர்த்தன. இதற்குத் தீர்வாக, பெல் ஆய்வுகூடத்தின் ஹரோல்ட் பிளாக் 1927 இல் இம்முறையைக் கண்டறிந்தார். இதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1937 இல் வழங்கப்பட்டது.

செயற்பாடு

பின்னூட்டமற்ற பெருக்கம் 'பெ' எனவும், திருப்பி அளிக்கப்படும் பின்னம் 'பி' எனவும் கொண்டால்,

மொத்தப் பெருக்கம் = பெ / (1 + பெ × பி)

பெ = 1,00,000, பி = 0.01 எனில் மொத்தப் பெருக்கம் 99.90 ஆகும். வெப்பநிலை மாற்றத்தாலோ உறுப்புகளின் முதுமையாலோ பெ 50,000 ஆகக் குறைந்தாலும் மொத்தப் பெருக்கம் 99.80 ஆகவே இருக்கும். அதாவது, பெருக்கத்தைத் தீர்மானிப்பது மாறும் இயல்புடைய டிரான்சிஸ்டர் அன்று. பின்னூட்டச் சுற்றிலுள்ள மின்தடைகளின் விகிதமே.

நிலைப்புத்தன்மை

உயர் அதிர்வெண்களில் பெருக்கியினுள் கட்டம் பின்தங்குகிறது. இப்பின்னடைவு 180 பாகையை எட்டும்போது எதிர்ப் பின்னூட்டம் நேர்ப் பின்னூட்டமாகிவிடும். அந்த அதிர்வெண்ணில் பெ × பி இன் அளவு 1 ஆகவோ அதற்கு மேலாகவோ இருப்பின், பெருக்கி அலைவியற்றியாக மாறக்கூடும். இதனை ஆராய உதவும் நிபந்தனையை ஹாரி நைக்விஸ்ட் 1932 இல் வெளியிட்டார்.