பூவையும் மைனாவும்

கரிய தலை, பழுப்பு மேனி, மஞ்சள் அலகு, பறக்குங்கால் சிறகில் தோன்றும் வெள்ளைப் பட்டை ஆகிய அடையாளங்களைச் சொன்ன அளவிலேயே எவரும் மைனா என்று விடை கூறுவர். பூவை என்று கூறுவார் மிக அரியர். காப்பியங்களிலும் சிற்றிலக்கியங்களிலும் கிளியோடு சேர்ந்து பயின்று வரும் பூவை இப்பறவையே.

பூவை என்னும் சொல்லுக்குப் பழைய உரையாசிரியர்கள் 'நாகணவாய்ப்புள்' என்று பொருள் எழுதினர். அன்று விளக்கமாக நின்ற அச்சொல்லுக்கே இன்று விளக்கம் வேண்டியுள்ளது. இதனால் நேரும் இடர் சிறிதன்று. காயாமலருக்கும் பூவை என்பது பெயர். தொல்காப்பியம் கூறும் பூவைநிலை அம்மலர் பற்றியது. இளம்பெண்ணையும் பூவை என்பது வழக்கு. பறவையை மறந்த வாசகர், பாடலில் பூவை பேசுமிடத்துப் பெண்ணொருத்தி பேசுவதாகக் கொண்டு, கூண்டையும் கிளியையும் வைத்த புலவனின் நோக்கத்தைத் தவறவிடுகிறார்.

மைனா வடபுலத்திலிருந்து வந்த சொல். வடமொழியிலுள்ள 'மதன' என்பதே இந்தியில் மைனா எனத் திரிந்தது என்பர் மொழிநூலார். களிப்பும் காதலும் அதன் வேர்ப்பொருள். வடமொழியில் இப்பறவைக்குச் சாரிகை என்னும் பெயரே இலக்கியச் செல்வாக்குப் பெற்றது. அங்கும் கிளியே அதன் துணை. தெலுங்கர், இணைபிரியாத காதலரைச் 'சிலகா கோரிங்கா' என்பர். சிலகா கிளி, கோரிங்கா மைனா. இயற்கையில் இவை இரண்டும் இணை சேர்வதில்லை. மனிதக் குரலைப் போலப் பேசப் பழகுவன என்பதால் வீடுகளில் அருகருகே வளர்க்கப்பட்டு, அவ்வழியே இலக்கியத்திலும் இணையாயின எனலாம். தெலுங்கர் கோரிங்காவையும் மலையாளிகள் மாடத்தையையும் பேச்சில் காத்துக்கொண்டனர். தமிழரோ பூவையை நிகண்டுக்கு விட்டுவிட்டனர்.

மேலைநாட்டில் இதற்கு நேர்மாறான பெயர் அமைந்தது. 1766இல் லின்னேயஸ் இதனைச் சொர்க்கப் பறவைகளின் வரிசையில் வைத்து, 'திரிஸ்திஸ்' என்று பெயரிட்டார். துயருற்றது, பொலிவற்றது என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். சொர்க்கப் பறவைகளின் இறகொளிக்கு முன் இதன் பழுப்பு நிறம் மங்கித் தோன்றியது போலும்! ஓயாமல் கூவியும் குழறியும் திரியும் பறவைக்கு இது பொருந்தாப் பெயரே. 1816இல் வியேயோ அமைத்த பேரினப் பெயரான 'அக்ரிடோதெரிஸ்' பொருத்தமானது. கிரேக்கத்தில் அது வெட்டுக்கிளி வேட்டையாடியைக் குறிக்கும். வெட்டுக்கிளிகளை ஒழிப்பதற்கென்றே 1762இல் இப்பறவை இந்தியாவிலிருந்து மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

லின்னேயஸ் இதன் நாடு பிலிப்பைன்ஸ் என்று எழுதியதும் பிழையே. பின்வந்த பறவை நூலார் அதனைத் திருத்தி, மூல இடமாகப் புதுச்சேரியைக் குறித்தனர். அப்புதுச்சேரியிலும் இன்று மைனா என்றே அழைக்கின்றனர்.